வாசனைக்காகப் பூசிய களிம்பு

சிரஞ்சீவிக்கு,

ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்றுதான் எழுதத் தொடங்க வேண்டும். பேனாவை எடுத்தால் கை அதை எழுத மாட்டேன் என்கிறது. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், காவிரியில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பற்றிப் பேசுகிறோம், நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம். உன் கார்டு நேற்று வந்தது. சித்திரை உற்சவத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு கேட்டிருப்பதாகவும், மானேஜர் முகத்தைச் சுளித்ததாகவும், லீவு தராவிட்டாலும் கிளம்பி வந்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. "அப்பா தோள் இருக்கிற நிலைமையில் அவர் தூக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். படித்து முடிக்கிறவரைக்கும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ வரக் கூடாது. இந்தக் கடிதம் எழுதுவது அதற்காகத்தான். ஆனால் ஏன் வரக் கூடாது என்று சொல்ல வேண்டுமானால் மூன்று வருஷத்துக்கு மேலாக நான் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருக்கலாம். ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம், ஒரு நாளும் வாய் வரவில்லை. இப்போது நடுவில் ஆயிரம் மைல் இருப்பதால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. இதையும் கோழைத்தனத்தில்தான் சேர்க்க வேண்டும்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள். பெருமாள் புறப்படும்போது பல்லக்கைத் தோளில் தாங்கி நடக்கிற குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று. ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். என் பதினாறாவது வயதில் உன் தாத்தா படுக்கையில் விழுந்தார். மறுநாளே அவர் இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உனக்குத் தெரியும், பல்லக்கின் ஒரு தண்டில் ஒரே உயரம் உள்ளவர்களைத்தான் ஜோடி சேர்ப்பது. ஒருவன் அரை அங்குலம் கூடுதலாக இருந்தாலும் பாரம் அவன் தோளைத் தேடிவந்து உட்கார்ந்துகொள்ளும். நான் உன் தாத்தாவின் உயரம். நீ என் உயரம். உனக்குப் பதினெட்டு வயதானபோது உன்னைக் கதவோரம் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே நம்ம தண்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கான்" என்று நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாம் தூக்கும் பல்லக்கு ஒன்றுக்குத் தோளுக்கினியான் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் ஒரு நாளாவது அதைத் தூக்கியிருக்க மாட்டார். புறப்படும்போது ஒய்யாரமாக நடை போட வேண்டும், வளைவில் உள்பக்கத்துக்காரன் காலைச் சுருக்க வேண்டும், வெளிப்பக்கத்துக்காரன் எட்டி வைக்க வேண்டும், மேலே ஒரு பூ அசையக் கூடாது. நாற்பது வருஷம் ஒட்ட இதைச் செய்தேன். வலது தோளில் காய்த்துப்போன மேடு ஒன்று இருக்கிறதே, சின்ன வயதில் நீ அதைத் தடவித் தடவிப் பார்ப்பாய், அது வந்த வழி இதுதான். மேலே தோல் காய்த்துவிட்டது, உள்ளே இருந்தது காய்க்கவில்லை, தேய்ந்தது. உனக்குப் பம்பாய்க் கம்பெனியின் டிராயிங் ஆபீஸிலிருந்து முதல் ஆர்டர் வந்த அந்த வருஷம், பங்குனி உற்சவம் முடிந்த மறுநாள், பூணூலைச் சரி செய்யக் கையைத் தூக்கினேன். கை காதுக்கு மேலே போகவில்லை. தோள் முனையில் யாரோ ஊசியை விட்டுத் திருகின மாதிரி இருந்தது.

திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் அந்த டாக்டரிடம் நீதான் என்னை டவுன் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனாய். "சட்டை போடாதவரா, நல்லதாப் போச்சு, இப்படித் திரும்பி உக்காருங்க" என்றார். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, முன்னால் தூக்கச் சொல்லி, பின்னால் முதுகைத் தொடச் சொல்லி, நான் "அப்பா, ரங்கா" என்று கத்துகிற இடத்தில் எல்லாம் தலையை ஆட்டினார். "நரம்பு இல்லைங்க. தசையை எலும்போட கட்டி வெச்சிருக்கற நார். அது வீங்கிப் புண்ணா இருக்கு. வருஷக்கணக்கா இருந்திருக்கு, நீங்கதான் கண்டுக்கல. ஆறு மாசம் ஒண்ணும் தூக்கக் கூடாது. களிம்பு தரச் சொல்றேன், காலையில சாயங்காலம் பூசுங்க. தேய்க்காதீங்க, பூசுங்க" என்றார். கம்பவுண்டர் கல்லில் எதையோ குழைத்து ஒரு வெள்ளைப் புட்டியில் வழித்துப் போட்டுக் கொடுத்தான். கற்பூரமும் புதினாவும் இன்னும் என்னவோ ஒரு காரமும் கலந்த வாசனை. பஸ்ஸில் வரும்போதே பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் உன் அம்மாவுக்கு வேறு சந்தேகம். வெள்ளைக்காரன் மருந்து, அதில் மிருகக் கொழுப்பு ஏதாவது இருந்தால்? மறுநாள் உன்னை அனுப்பி விசாரிக்கச் சொன்னாள். "மெழுகும் எண்ணெயும்தான் தம்பி, மாமிகிட்ட கற்பூரம் அடிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க" என்று கம்பவுண்டர் சொன்னதாக நீ வந்து சொன்னாய். அவள் அப்படியும் நம்பவில்லை. களிம்பு உடம்பில் இருக்கும்போது கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, ஸ்நானம் பண்ணிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டாள். அதனால் அந்த வாசனை வீட்டுக்குள் மட்டும்தான் இருந்தது. தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நமக்கு மூன்று பேருக்கும்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்லப் போகிற என் கெட்டிக்காரத்தனம் இதில்தான் நடந்தது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மூன்றாம் நாள், பூசினால் போதாது, சூடும் சேர்ந்தால் சீக்கிரம் கேட்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். களிம்பை அரை விரல் கனத்துக்கு அப்பி, அதன்மேல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைத்தேன். கால் மணியில் தோல் கொப்பளித்துவிட்டது. அன்றைக்கு நான் குதித்த குதிப்பில் நீ சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடினாய். டாக்டர் பிறகு சொன்னார்: "அதுல இருக்கறதே சூடு. அதுக்கு மேல சூடு வெச்சா வெந்துடும்." உன் பெட்டியில் அம்மா வைத்து அனுப்பியிருக்கிற புட்டியையும் இந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். மெல்லிசாகப் பூசு. மேலே துணியைச் சுற்றாதே. பூசின கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண் பக்கம் கொண்டுபோகாதே. பம்பாய் மின்சார ரயிலில் வலது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்காதே. இன்னொன்று, அந்தக் களிம்பு வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். அறுந்ததை அது ஒட்ட வைக்காது. வலி தெரியவில்லை என்பதற்காக வேலை கொடுத்துவிட்டால் உள்ளே இன்னும் கெடும். இதை எனக்குச் சொன்னார்கள், நான் உனக்குச் சொல்லவில்லை.

ஆறு மாசம் நான் தூக்கக் கூடாது என்றதும் கோபு மாமா வந்தார். நம் கோஷ்டிக்குப் பெரியவர், யார் எந்தத் தண்டு என்று முடிவு செய்கிறவர். "ஓய், உம்ம ஆத்துலேர்ந்து ஒருத்தர் வரணும். இல்லேன்னா எடத்தை வேற ஆத்துக்குக் குடுக்கறாப்பல ஆயிடும்" என்றார். அவர் கெடுபிடியாகச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் நீ சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "நான் வரேன் மாமா. அப்பாவுக்குச் சரியாகற வரைக்கும்" என்றாய். பம்பாய்க்கு எழுதிப்போட்டு ஆறு மாசம் அவகாசம் கேட்டாய். ஆடி முடிகிற சமயத்தில் அவர்களிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது, இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று. அதை மடித்து உன் டிராயிங் பலகைக்கு அடியில் வைத்தாய். "பரவாயில்லப்பா, வேற வரும்" என்றாய். வரவில்லை. காண்ட்ராக்டர் ஒருவரிடம் பிளான்களை நகல் எடுக்கும் தற்காலிக வேலைதான் உனக்குக் கிடைத்தது.

டாக்டர் சொன்ன பயிற்சியை நான் ஒழுங்காகச் செய்தேன். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பூச்சி ஊர்கிற மாதிரி மேலே மேலே நகர்த்த வேண்டும். கூடத்தில் வடக்குச் சுவரில் செய்வேன். களிம்பு பட்ட விரல் வெள்ளையடித்த சுவரில் கறையாகப் படிந்தது. ஆரம்பத்தில் மார்பு உயரத்தில் நின்ற கறை, புரட்டாசியில் முகத்துக்கு வந்தது, ஐப்பசியில் தலைக்கு மேலே போனது. கார்த்திகையில் ஒரு நாள் காலை, நீ வேலைக்குப் போன பிறகு, கையை நேராகத் தூக்கினேன். வலிக்கவில்லை. இறக்கித் திரும்பத் தூக்கினேன். கிணற்றடிக்குப் போய் இரண்டு கையாலும் ஒரு குடம் இழுத்துப் பார்த்தேன். தோள் பழையபடி ஆகிவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் எனக்கு அந்த அதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலம் நீ வருகிற நேரம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடத்தில் காத்திருந்தேன். வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்துபோய் மாடத்திலிருந்து புட்டியை எடுத்து, வலிக்காத தோளில் களிம்பைப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ உள்ளே வந்தாய், வாசனை பட்டது, "இன்னும் வலிக்கறதாப்பா?" என்றாய். "ம்" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அக்கா கல்யாணமாகி டெல்லிக்குப் போய்விட்டாள், நீயும் போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்கிற பயம் ஒன்று. அது மட்டும் என்று சொன்னால் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிறேன் என்று அர்த்தம். நான் களைத்துப் போயிருந்தேன். பதினாறு வயதிலிருந்து ஒரு மார்கழியில் விடிகிறவரைக்கும் தூங்கினதில்லை. அந்த வருஷம் நீ குளித்துவிட்டு ஈரத்தலையோடு கோயிலுக்குப் போனாய், நான் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப சுகமாக இருந்தது. தை பிறந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தையில், பங்குனி போகட்டும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். தினம் இரண்டு வேளை பூசுவது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. புட்டி தீரத்தீர நீயே தெப்பக்குளத்துக்குப் போய் வாங்கி வந்தாய்.

போன மார்கழியில், உற்சவம் நடந்துகொண்டிருந்தபோதே, கூடத்தில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்குச் சுவர் கண்ணில் பட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இன்னும் நாள் இருந்தது. என் பழைய கறைகளை மூன்று வருஷத்துச் சுண்ணாம்பு மூடிவிட்டது, நான் அந்தப் பயிற்சியை விட்டும் வெகு நாளாயிற்று. ஆனால் சுவரில் புதுசாகக் கறை இருந்தது. மார்பு உயரத்தில் நாலு விரல், அதற்கு ஒரு சாண் மேலே நாலு விரல். அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கிட்டப்போய் முகர்ந்து பார்த்தேன். களிம்பு வாசனை. நான் பொய்க்குப் பூசிக்கொண்டிருந்த அதே புட்டியிலிருந்து நீ நிஜத்துக்கு எடுத்துப் பூசியிருக்கிறாய். வீடு முழுக்க என் வாசனைதானே, உன்னுடையது தனியாகத் தெரியவில்லை.

மார்கழி உற்சவத்தின் கடைசிப் பகுதியான இராப்பத்து முடிந்ததும் நீ மாட்டேன் மாட்டேன் என்றாலும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. அவர் உன் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு வயசுல அறுபது வயசுத் தோளை வெச்சிருக்கீங்களே! கைவேலை படம் வரையறதுன்னு சொல்றீங்க. இன்னொரு உற்சவம் தூக்கினா, நார் கிழியும். அப்புறம் பலகை மேல கை வெச்சு ஒரு கோடு போட முடியாது. களிம்பு பூசிக்கிட்டுத் தூக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்களுக்கு எப்படி இருக்கு? எங்கே, தூக்குங்க பார்ப்போம்" என்றார். நீயும் திரும்பிப் பார்த்தாய். அப்போதாவது நான் கையை முழுக்கத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினேன். காது வரைக்கும் தூக்கி, முகத்தைச் சுருக்கி, நிறுத்தினேன். நீ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாய். என் வாழ்க்கையில் நான் செய்த எத்தனையோ அசிங்கங்களில் அது முதல் இடம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உன் சித்தப்பா பிள்ளை பங்குனி வரைக்கும் நம் இடத்தில் நிற்க ஒப்புக்கொண்டான். "சித்திரைக்கு உங்காத்து ஆள் வந்தாகணும்" என்று கோபு மாமா சொன்னார். மாசியில், யார் செய்த புண்ணியமோ, பம்பாயிலிருந்து வேறொரு கம்பெனி உன்னைக் கூப்பிட்டது. நீ கிளம்பும்போது ஜங்ஷனில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்திரைக்கு வந்துடறேன்பா. நீங்க கவலைப்படாதீங்கோ. தோளுக்கு விடாம பூசிக்கோங்கோ" என்றாய். நான் தலையை ஆட்டினேன். வண்டி நகர்ந்தது. நானும் கூடவே நாலடி நடந்தேன், சொல்லிவிடுவோம் என்றுதான் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்க தோஷம், மாடத்துப் பக்கம் போய்ப் புட்டியைத் திறந்தேன். உன் அம்மா பின்னாலிருந்து, "இனிமே யாருக்காகப் பூசிக்கறேள்?" என்றாள்.

நான் திரும்பவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாலு வருஷமா உங்க வேஷ்டியைத் தோய்ச்சுப் போடறேன். எந்தக் கையால முறுக்கிக் குடுக்கறேள்னு எனக்குத் தெரியாதா? நானும்தான் வாயை மூடிண்டு இருந்தேன். கொழந்தை ஆத்துலயே இருக்கானேன்னு ஆசை. உங்களை மட்டும் சொல்லி என்ன?"

"அவனுக்குத் தெரிஞ்சா என்னை மன்னிப்பானா?" என்றேன்.

அவள் என் கையிலிருந்து புட்டியை வாங்கி மூடினாள். அப்புறம் சொன்னாள்: "அவனுக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். ஏகாதசி உற்சவத்துக்கு நடுவுல ஒரு நாள் சீக்கிரம் வந்துட்டான். நீங்க கொல்லையில ரெண்டு கையாலயும் தண்ணி இழுத்துண்டிருந்தேள். பாத்துட்டு அப்படியே திரும்பி வாசலுக்குப் போயிட்டான். நான் பின்னாடியே போய் அழுதேன். 'சொல்லாதேம்மா. பதினாறு வயசுலேர்ந்து தூக்கியிருக்கார். சொல்ல வெக்கப்படறார். கொஞ்ச நாள் உக்காரட்டும்'னான்."

பல்லக்கின் பாரம் என்ன பாரம்? நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் என்னால் இதைத் தாங்க முடியாது என்று நான் கீழே உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். டாக்டர் வீட்டில் நான் முகத்தைச் சுருக்கிக் காட்டியபோது நீ ஏன் காலண்டரைப் பார்த்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பொய் உனக்குத் தெரியும் என்பதை நான் பார்க்க வேண்டாமே என்று நீ கண்ணை எடுத்திருக்கிறாய். அடே, எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருக்கக் கூடாதா? பெற்றவனிடம் இவ்வளவு பெரிய மனசோடு நடந்துகொள்ளாதே, அதை அவனால் தாங்க முடியாது. இதை அறிவுரையாகவே எடுத்துக்கொள். நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி, அவள் எதையாவது மறைக்கிறாள் என்று தெரிந்தால், நல்லவனாக இருந்து சும்மா இருக்காதே. கேட்டுவிடு. நீ மறைக்கிறதையும் சொல்லிவிடு. இந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்ததில் போனது உன் தோள்.

மறுநாள் காலை ஸ்நானம் பண்ணிவிட்டு கோபு மாமா வீட்டுக்குப் போனேன். தண்டு பிடிக்கிற நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்தே சொன்னேன், தோள் குணமாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, பொய் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன் என்று. கோபு மாமா வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை கையைத் தொங்கப் போட்டுண்டு வந்து நின்னப்போ நானும்தான் பாத்தேன், ஓய். வாலிபம், சரியாயிடும்னு நெனைச்சேன்" என்றார். பிறகு, "ஐம்பத்தெட்டாறது. நடப்பீரா?" என்றார். "நடக்கிறேன். எனக்கு முடிகிற வரைக்கும் நடக்கிறேன். எனக்கு அப்புறம் இந்த இடம் என் தம்பி பிள்ளைக்குப் போகட்டும், அவனுக்கு இஷ்டம் இருக்கிறது, கேட்டுவிட்டேன். என் பிள்ளை பெயரை எடுத்துவிடுங்கள்" என்றேன். எடுத்துவிட்டார். நம் வீட்டில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தது உன்னோடு நின்றது. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் வருத்தத்தை நான் வைத்துக்கொள்கிறேன், அது உன் பாரம் இல்லை.

போன வாரம் புறப்பாட்டில் தண்டுக்குத் தோள் கொடுத்தேன். உன் வயதுப் பையன்கள் நடுவில் கிழவன் ஒருவன். உத்திர வீதி திரும்பும்போது மூச்சு இரைத்தது, தொடை நடுங்கியது, தோளின் தோல் மெத்தென்று ஆகிவிட்டதால் உரிந்துவிட்டது. உள்ளே நார் வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தோளைப் பார்த்துவிட்டு, "நன்னா வேணும்" என்று சொல்லிவிட்டு மஞ்சளும் நெய்யும் குழைத்துத் தடவினாள். சித்திரைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் தோல் கெட்டியாகிவிடும்.

ஆகவே நீ லீவு கேட்டதை நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள். முன்பு ஒரு கம்பெனி உனக்காகக் காத்திருக்கவில்லை, இதுவும் காத்திருக்காது. அங்கே நல்ல டாக்டராகப் பார்த்துத் தோளைக் காட்டு. ஆறு மாசம் தண்ணீர் வாளிகூடத் தூக்காதே. நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று மூன்று தடவை ஆரம்பித்துக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே மன்னித்துவிட்டாய், நான்தான் தாமதமாகக் கேட்கிறேன். கேட்கிறேன், மன்னித்துவிடு.

உன் வேலை நிலைத்து, தோள் ஆறி, அவர்களாக லீவு கொடுக்கிற ஒரு வருஷம் வா. முன்தண்டு பிடித்து நடக்கிறவனுக்குப் பெருமாள் முதுகுக்குப் பின்னால் இருப்பார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற அந்த முகத்தை நாலு வருஷம் தூக்கின நீ வீதியில் ஒரு நாள்கூட எதிரே நின்று பார்த்ததில்லை. சித்திரை வீதி முனையில் ஜனங்களோடு ஜனமாக, இரண்டு கையும் சும்மா இருக்க, நின்று சேவி. கீழே என்னைத் தேடாதே. நிமிர்ந்து அவரைப் பார். நான் உன்னைக் கடந்து போய்க்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா